பெரியவளின் காது

பெரியவளுக்கும் காது சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தபோது, அவள் அம்மா பேக்கரியின் பின்கட்டில் ரொட்டிகளை உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். வகுப்பு ஆசிரியை பக்குவமாகத்தான் சொன்னார். பின்னாலிருந்து கூப்பிட்டால் பெண் திரும்புவதில்லை. டிக்டேஷனில் பாதி வார்த்தைகளை விட்டுவிடுகிறாள். எதைக் கேட்டாலும் "என்ன டீச்சர், என்ன டீச்சர்" என்கிறாள். கொஞ்ச நாள் கவனித்துப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுகிறேன், தம்பி விஷயம் தெரியும் என்பதால் தள்ளிப்போட மனசு வரவில்லை என்றார்.

அம்மா சரி, சரி என்று மட்டும் சொன்னாள். போனை வைத்த பிறகு அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சூடு ஆறாத ரொட்டிகளை எடுத்து எடுத்து உறையில் போட்டாள். உள்ளே ஆவி படிந்து உறைகளெல்லாம் வியர்த்துப்போயின. மேற்பார்வை பார்க்கிறவர் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் பேசாமல் போய்விட்டார்.

சின்னவனுக்குக் காது கேட்காது என்று தெரியவரும்போது அவனுக்கு ஒன்றரை வயது முடிந்திருந்தது. அவன் அப்பா ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். கடையில் இடம் போதாமல் பாதி வேலையை வீட்டு முன்னறையிலேயே வைத்துக்கொள்வார். டிரில் போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். பிள்ளை மட்டும் அசையாமல் தூங்குவான். "பாரு, இப்பவே தொழிலுக்குப் பழகிட்டான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் அவர் பெருமையடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சை நினைத்து அவர் பின்னால் பட்ட வேதனையை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. டிரில்லை மட்டும் கடைக்குக் கொண்டுபோய்விட்டார்.

காது பரிசோதனை செய்த நிலையத்திலிருந்து வாரா வாரம் ஒரு அம்மாள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். அவருடைய மகனுக்கும் பிறவியிலேயே கேட்காது. அவன் வளர்ந்து இப்போது அச்சகத்தில் வேலை பார்க்கிறான். தான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதைப் புதிதாக அகப்பட்டுக்கொண்ட குடும்பங்களுக்குச் சொல்லித்தருவதுதான் அவர் வேலை. காதுக் கருவியை எப்படி மாட்டுவது, எப்படித் துடைப்பது, பிள்ளையின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து எப்படிப் பேசுவது, பேச்சோடு கூடவே கையால் எப்படிச் சொல்வது என்று ஒவ்வொன்றாகக் காட்டுவார். நான் டீச்சர் இல்லை என்று அவர் எத்தனையோ தடவை சொல்லியும், டீச்சரம்மா என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.

டீச்சரம்மா காட்டுவதை அப்பாவும் அம்மாவும் எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோலச் செய்வார்கள். பெரியவள் ஒரு தடவை பார்த்தால் போதும். ஆறு வயதில் தொடங்கி ஒன்பது வயதுக்குள் தம்பியோடு கையால் வாயாடவே கற்றுக்கொண்டுவிட்டாள். அம்மா விடியுமுன்பே பேக்கரிக்குப் போய்விடுவதால், காலையில் அவனை எழுப்புவது, கருவியோடு காதுக்குள் பொருத்தும் அச்சுகளைத் துடைத்து மாட்டுவது, பேட்டரி வேலை செய்கிறதா என்று பார்ப்பது, தேய்ந்த பேட்டரியை அவன் வாயில் போட்டுக்கொள்ளாமல் டப்பாவில் போட்டு மூடுவது எல்லாம் அவள் வேலையாயிற்று. "பெரியவளே, இவன் என்ன சொல்றான்?" என்ற குரல் வீட்டின் எந்த அறையிலிருந்தும் எந்த நேரத்திலும் வரும். கடைக்காரர் கேட்பார், டாக்டர் கேட்பார், மாடி வீட்டு அத்தை கேட்பார். அவள் வந்து சொல்வாள். பெரிய மனுஷி என்பார்கள். எங்க வீட்டு மந்திரி என்பார் அப்பா. டீச்சரம்மாவோ என் அசிஸ்டென்ட் என்று தட்டிக்கொடுப்பார்.

இப்போது அவளுக்குமா என்று அம்மாவுக்கு நாளெல்லாம் அதே நினைப்பு. அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னபோது அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, நேற்று தானும் அவளைக் கூப்பிட்டதாகவும் அவள் திரும்பவில்லை என்றும் மெல்லச் சொன்னார். டீச்சரம்மாவும் இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்றார். சின்னவனைப் பார்த்த அதே நிலையத்தில், அவனைப் பரிசோதித்த அதே பெண்ணிடம் நேரம் வாங்கிக்கொடுத்தார்.

அந்த அறை எல்லோருக்கும் பழகிய அறைதான். தடித்த சுவர், சின்னக் கண்ணாடி, உள்ளே ஒரு நாற்காலி. பெரியவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தம்பி எத்தனையோ தடவை உட்கார்ந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். கண்ணாடிக்கு வெளியே டீச்சரம்மாவும் அப்பாவும், மடியில் சின்னவனோடு அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். வெகுநேரம் அவள் விரல் அசையவே இல்லை. சத்தத்தைக் கூட்டிக் கூட்டி, பெரிய சத்தம் வந்த பிறகுதான் அமுக்கினாள். பரிசோதனை செய்கிற பெண் திரையில் குறித்த புள்ளிகள் கீழே கீழே இறங்கின. புள்ளி இறங்க இறங்கக் கேட்கும் திறன் குறைவு என்று அப்பாவுக்கு இதற்குள் நன்றாகவே தெரியும். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பரிசோதனை செய்கிற பெண் உள்ளே போய் ஹெட்போனைக் கழற்றினாள். கீழே விழுந்திருந்த ஒயரைச் சுற்றுவதற்காக மேசைக்கடியில் குனிந்தாள். அங்கிருந்தபடியே, தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோன்ற சின்னக் குரலில், "உன் தம்பி போன தடவை இங்க வந்து என்ன கலாட்டா பண்ணான், ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"பட்டனையே பிடுங்கிட்டான்" என்று சொல்லிச் சிரித்தாள் பெரியவள். உடனே சிரிப்பு நின்றது. உதட்டை இறுக்கிக்கொண்டு கண்ணாடி வழியாக அம்மாவைப் பார்த்தாள்.

கதவு சாத்தாமல் இருந்ததால் கேள்வியும் பதிலும் அம்மாவுக்குக் கேட்டன. அந்தப் பார்வையும் புரிந்தது. வேறு எதுவும் யாரும் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. ஆனாலும் அந்தப் பெண் இன்னொரு பரிசோதனையும் செய்தாள். காதுக்குள் சின்ன முனையொன்றை வைத்து மெல்லிய சத்தத்தை அனுப்பினால், நல்ல காதாக இருந்தால் தானாகவே பதிலுக்கு ஒரு சத்தத்தைத் திருப்பி அனுப்பும். பிள்ளை ஒன்றும் செய்ய வேண்டாம், ஒன்றும் மறைக்கவும் முடியாது. சின்னவனுக்கு அதைச் செய்தபோது இரண்டு பக்கமும் ஒன்றுமே வரவில்லை. இவளுக்கு இரண்டு பக்கமும் தெளிவாக வந்தது.

டீச்சரம்மா பிள்ளைகள் இருவரையும் வெளியே கூட்டிப்போனதும், பரிசோதனை செய்கிற பெண் விஷயத்தைச் சொன்னாள். காதில் குறை எதுவும் இல்லை. இப்படிச் செய்கிற பிள்ளைகள் உண்டு, இது முதல் தடவை இல்லை. கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஏன் என்று மடக்கிக் கேட்காதீர்கள், அவளாகத் திரும்பி வர வழி விட்டு வையுங்கள், அடுத்த மாதம் மறுபடி பார்க்கலாம் என்றாள்.

அப்பா அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒரு பெருமூச்சு விட்டார். உயிர் வந்தது போலிருந்தது. வராந்தாவைத் தாண்டுவதற்குள் அந்த நிம்மதியே கோபமாகிவிட்டது. தன் கடை வேனில் ஏறும்போது அவர் முகம் கறுத்திருந்ததைப் பார்த்து, இப்போது எதுவும் பேச வேண்டாம் என்று அம்மா கண்ணால் கெஞ்சினாள். பாதி தூரம் வரை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

அதற்குள் பின்சீட்டிலிருந்து பெரியவள், "அம்மா, எனக்கு அச்சு என்ன கலர்ல வாங்கலாம்?" என்று கேட்டாள்.

அம்மா தலையைத் திருப்பிப் பின்சீட்டைப் பார்த்தாள்.

"தம்பிக்கு நீலத்துல ஜிகினா போட்டது. அது வாங்கின அன்னிக்கு நீ லீவு போட்டுட்டு அவனை மட்டும் கூட்டிட்டுப் போனே. திரும்பி வர்றப்போ ஜூஸ் வாங்கிக் குடிச்சீங்க. நான் மாடி வீட்டு அத்தைகிட்ட இருந்தேன். எனக்குப் பச்சை வாங்கலாம். பச்சை இல்லாட்டி மஞ்சள்."

அப்பா கனைத்த தொண்டையோடு அப்படியே வண்டியை ஓட்டினார். சிக்னலில் பச்சை விழுந்தும் கிளம்பாமல் நின்றதால் பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

அடுத்த வாரம் டீச்சரம்மா வந்தபோது பிள்ளைகள் மாடி வீட்டில் இருந்தார்கள். அப்பா அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அவரிடம் கொட்டினார். தம்பிக்கு நிஜமாகவே கேட்கவில்லை, அவன் படுகிற பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறவள், அதை வைத்து விளையாடலாமா என்பது அவர் நியாயம். தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி நாம் நடிப்பது பொய்க்கு மேல் பொய் ஆகாதா என்றும் கேட்டார்.

டீச்சரம்மா கையிலிருந்த படக்கார்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தார். "தம்பி, உங்க கோபம் தப்புன்னு நான் சொல்லல. ஆனா நான் வாரா வாரம் இந்த வீட்டுக்கு வர்றேன். சின்னவனுக்கு என்ன கொண்டுட்டுப் போகலாம்னு பஸ்ல யோசிச்சுக்கிட்டே வர்றேன். அவளுக்கு என்ன வேணும்னு ஒரு நாள்கூட யோசிச்சதில்ல. அசிஸ்டென்ட்னு ஒரு பேரை வெச்சு வேலை வாங்கிட்டேன்" என்றார்.

அம்மா அடுப்பங்கரை வாசலில் நின்று இதைக் கேட்டாள். அப்பா வாதாடவில்லை. ஆனால் அவருக்கு மனசு சமாதானமாகவும் இல்லை.

வீட்டில் சில நாட்கள் வினோதமாகக் கழிந்தன. பெரியவள் "என்னது? என்னது?" என்று கேட்டபடியே இருந்தாள். விஷயம் தெரிந்த அப்பாவும் அம்மாவும் சொன்னதையே உரக்கச் சொன்னார்கள். டிவி சத்தம் கூடியது. சின்னவன் மட்டும் வழக்கம்போல அக்காவிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். அவளும் அவனோடு வழக்கம்போலப் பேசினாள். அந்த வீட்டில் அப்போது நடிப்பில்லாமல் நடந்த பேச்சு அது ஒன்றுதான்.

ஒரு விடுமுறை நாள் காலை, அம்மா அவளை முன்னால் உட்காரவைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அப்பாவும் சின்னவனும் கடைக்குப் போயிருந்தார்கள். சிக்கை எடுத்து, வகிடு பிரித்து, ஒரு பக்கத்துக் கூந்தலைக் கையில் எடுத்தபோது, அந்தச் சின்னப் பிடரியைப் பார்த்துக்கொண்டே அம்மா பேச ஆரம்பித்தாள். குரலைக் கூட்டவில்லை.

"நீ திரும்ப வேண்டாம். கேட்டாக் கேளு, கேக்கலைன்னாலும் பரவாயில்லை. நான் பாட்டுக்குச் சொல்றேன்."

பெரியவள் அசையவில்லை.

தம்பிக்குக் கேட்காது என்று சொன்ன அன்றைக்கு எங்களுக்கு உலகமே இருண்டுபோயிற்று என்றாள் அம்மா. அழுதுவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது நீ ஒரு பக்கத்தில் அவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாய். அப்பாடா, இவள் இருக்கிறாள் என்று நினைத்தேன். நீயும் சின்னப் பிள்ளைதான் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அதற்கப்புறமும் தோன்றவில்லை. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது தூங்குகிற உன்னைப் பார்த்து, இவள் பார்த்துக்கொள்வாள் என்றுதான் நினைப்பேனே தவிர, இவள் இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று நினைத்ததில்லை. இப்படியே கோர்வையில்லாமல் சொல்லிக்கொண்டுபோனாள். பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள். அடுத்த பக்கத்தை எடுத்தாள்.  

"உனக்கு நல்லாக் கேக்குதுன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கே தெரியும். அதுக்காக உன்னை யாரும் அடிக்கப் போறதில்ல. ஸ்கூல்ல, காது நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிட்டேன். வேற எதுவும் சொல்லல."

 அம்மா இரண்டாவது பின்னலையும் முடித்துவிட்டாள். முடிந்த பின்னலை விடாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

பெரியவள் திரும்பாமலே, அம்மாவைவிடச் சின்னக் குரலில் பேசினாள். "கேட்டா, நான்தானே எல்லாத்தையும் கேக்கணும். அவன் கூப்பிடுறது, நீ கூப்பிடுறது, அப்பா கூப்பிடுறது, வாசல்ல பெல் அடிக்கிறது. கேக்காதவங்கன்னா சும்மா இருக்கலாம்." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு அவனைப் பிடிக்காதுன்னு நினைக்காத" என்றாள்.

அம்மா அவளைப் பின்னாலிருந்து இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். ஒன்பது வயதுப் பெண் மடியில் கொள்ளவில்லை. காலெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பெரியவள் அழுதாள்.

இதை அம்மா சொன்னபோது அப்பா வாஷிங் மெஷினின் முதுகைக் கழற்றிக்கொண்டிருந்தார். கேட்டு முடிக்கும்வரை அதற்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலை பெரியவள் எழுந்தபோது, அவர் சின்னவனை மேசைமேல் உட்காரவைத்துக் கருவியை மாட்டிக்கொண்டிருந்தார். வலது அச்சை இடது காதிலும் இடது அச்சை வலது காதிலும் வைத்து அழுத்தியதில் இரண்டும் கீச்சென்று விசிலடித்தன. சின்னவனுக்கு அது கேட்டதோ இல்லையோ, வலி தாங்காமல் அப்பா கையைத் தட்டிவிட்டான். பெரியவள் வழக்கம்போல முன்னால் வந்தாள். அவர், "நீ போய்ப் படு. இன்னும் நேரம் இருக்கு. நாங்க ரெண்டு பேரும் பார்த்துக்கிறோம்" என்றார். அவள் படுக்கைக்குப் போனாள். ஆனால் தூங்கவில்லை. விசில் நிற்கும்வரை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டபடி கிடந்தாள்.

டீச்சரம்மாவும் வருகிற முறையை மாற்றிக்கொண்டார். அவர் வரும் நேரத்தில் பெரியவள் விளையாடப் போகலாம். வேண்டுமானால் உட்காரலாம், ஆனால் அவளை யாரும் எதுவும் கேட்கக்கூடாது. கற்றுக்கொள்வது அப்பாவும் அம்மாவும். ஸ்க்ரூவையும் ஒயரையும் பிடித்து இறுகிப்போன அப்பாவின் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. "சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்று சொல்வதாக நினைத்து அவர் வேறெதையோ காட்ட, சின்னவன் கண்ணை உருட்டிக்கொண்டு செருப்பை வாய்க்குக் கொண்டுபோனான். மூலையில் புத்தகம் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்த பெரியவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாவுக்கு முதலில் ரோஷம் வந்தது. பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. அக்கா சட்டென்று புரிந்துகொள்வதை அப்பா பத்துத் தடவை கேட்டுப் புரிந்துகொள்வதால் சின்னவன் எரிச்சலில் தரையில் புரண்டான். மந்திரிப் பதவி போனதில் பெரியவளுக்கும் வருத்தம் இருந்தது. கடைக்காரர் அம்மாவிடம் நேரடியாகப் பேசி, அம்மா சின்னவனிடம் கேட்டுச் சொன்ன அன்று, அவள் வீடு வந்து சேரும்வரை உம்மென்று வந்தாள். தன்னைக் கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பதும், கேட்காவிட்டால் ஏன் கேட்கவில்லை என்பதுமாக இருந்தது. அம்மாவுக்குச் சில நாள் தலையே சுற்றியது. டீச்சரம்மாவிடம் புலம்பினாள். அது அப்படித்தான் இருக்கும், அவள் விட்டுவிடுவது சின்ன வேலை இல்லை என்று மட்டும் சொன்னார் அவர்.

மாதத்தில் ஒரு நாள் அம்மா லீவு போட்டுப் பெரியவளை மட்டும் வெளியே கூட்டிப்போனாள். முதல் தடவை எங்கே போவதென்று இருவருக்கும் தெரியவில்லை. பஸ்ஸில் கடைசி நிறுத்தம்வரை போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். வழியெல்லாம் பெரியவள் வாய் ஓயவில்லை. வகுப்பில் யார் யாரோடு சண்டை, யார் பொய் முடி வைத்துக்கொண்டு நாடகத்தில் நடித்தாள், கணக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது என்று கொட்டித் தீர்த்தாள். இவ்வளவு பேச்சு இவளுக்குள் இருந்தது தெரியாமல் இத்தனை நாள் இருந்திருக்கிறோமே என்று அம்மாவுக்கு இருந்தது.

மறுபடி பரிசோதனைக்குப் போனபோது பெரியவள் மிக மெல்லிய சத்தத்துக்கும் பட்டனை அமுக்கினாள். பரிசோதனை செய்கிற பெண் எதையும் கிளறாமல், காது அருமையாக இருக்கிறது என்று கைகுலுக்கி அனுப்பினாள். வெளியே வந்ததும் அப்பா பெரியவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். வண்டிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே, "எனக்குக் கோபம் இருந்துச்சு. இப்ப இல்ல" என்றார். அவள் தலையாட்டினாள். அதற்கு மேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு நாள் டீச்சரம்மா படியேறி வரும்போது உள்ளே பெரிய ரகளை நடந்துகொண்டிருந்தது. கதவருகே அம்மா மாவுக் கையோடு நின்றிருந்தாள். கூடத்தில் ரிமோட்டுக்காக அக்காளும் தம்பியும் உருண்டுகொண்டிருந்தார்கள். அவன் அவள் பின்னலைப் பிடித்து இழுத்தான். அவள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அவன் எழுந்து நின்று, கையை வீசி வீசி, அவளை என்னென்னவோ திட்டினான். பதிலுக்கு அவளும் கையாலும் வாயாலும் விளாசினாள். அதில் சில சைகைகள் டீச்சரம்மா சொல்லிக்கொடுத்தவை இல்லை.

"பாருங்க டீச்சரம்மா" என்றாள் அம்மா. "கருவி வந்ததுல இருந்து இவ அவன்மேல ஒரு விரல் வெச்சதில்ல. கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வெச்சிருந்தா."

டீச்சரம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அவளோடு சேர்ந்து கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். சின்னவன் கடிக்கப் போவதைப் பார்த்ததும் அம்மா, மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். ரிமோட்டைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் வாயாலும் கையாலும் திட்ட ஆரம்பித்தாள்.